முடிவைத் தின்னும் பேய்

கடைசி அத்தியாயத்தை மறுபடியும் பேய் தின்றிருந்தது.

நூலகரம்மா நாவலைக் கவிழ்த்து உலுக்கிப் பார்த்தார். கொலைகாரன் இவன்தான் என்று கதாநாயகி விரலை நீட்டுகிற இடத்தோடு கதை நின்றது. அதற்கப்புறம் வெறும் அட்டை. இதுவரை இப்படிப் போனது எத்தனை புத்தகம் என்று அவர் எண்ணவில்லை, எண்ணினால் வயிறு எரியும்.

"பேய்தான் மேடம்," என்றாள் வாயாடி. பத்தாம் வகுப்புப் பெண். சொல்லும்போது முகத்தில் சிரிப்பில்லை. சுற்றி உட்கார்ந்திருந்த மற்றப் பிள்ளைகளும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

சனிக்கிழமைதோறும் கூடும் இந்த வாசகர் வட்டம் நூலகரம்மாவே தொடங்கி வைத்தது. படித்துப் பிடித்துப்போன நாவலை ஒருவர் கொண்டுவந்து மற்றவர்களுக்கு ஆசை மூட்ட வேண்டும், முடிவைப் பற்றி மட்டும் மூச்சு விடக் கூடாது. அந்தச் சட்டமும் அவர் போட்டதுதான். இதில் வாயாடியை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவள் ஒரு கதையைப் பாதியில் நிறுத்தினால், பேப்பர் படிக்க வந்த பெரியவர்கள்கூடப் பேப்பரை மடித்துவிட்டு, அப்புறம் என்னம்மா ஆச்சு என்பார்கள்.

வட்டத்தில் ஒரு நாற்காலி மட்டும் காலி. அது புழுவுடையது. புத்தகப்புழு என்று கூப்பிட ஆரம்பித்துப் புழுவாகச் சுருங்கிவிட்ட பெண் அவள், இப்போது நோயில் விழுந்து வீட்டோடு கிடக்கிறாள். யார் எந்த நாவலைச் சிபாரிசு செய்தாலும் அது முதலில் அவள் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் அலமாரிக்கு வரும். தூக்கிக்கொண்டு போவது வாயாடி.

அன்று பிள்ளைகள் கலைந்ததும், பேயைப் பிடித்தே தீருவது என்று நூலகரம்மா வட்டத்து மேஜையின் இழுப்பறையைக் குடைந்தார். செஸ் அட்டைக்கு அடியில் அகப்பட்டது. காணாமல் போன அத்தனை முடிவுகளும், பிளேடால் ஒழுங்காக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் கிளிப் போட்டு, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தன. சற்று முன்பு புழுவுக்கென்று வாயாடி எடுத்துப்போன நாவலின் முடிவும் அதில் இருந்தது.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படுத்த படுக்கையாகக் கிடக்கிற பிள்ளையிடமா விளையாட்டு? ஒரே ஒரு கதையின் முடிவு தெரியாவிட்டாலும் நூலகரம்மாவுக்கு ராத்திரி தூக்கம் வராது. அந்தச் சின்னப் பெண் இத்தனை கதைகளை மனதில் வைத்துக்கொண்டு எப்படித்தான் கண் மூடுவாள்? நினைக்க நினைக்க ஆறவில்லை. சாயங்காலம் நூலகத்தைப் பூட்டிவிட்டு, உறையோடு நேரே புழு வீட்டுக்கு நடந்தார்.

கதவைத் திறந்த புழுவின் தாய் தணிந்த குரலிலேயே பேசினாள். மழைக்காலம்வரைகூடத் தாங்காது என்று டாக்டர்கள் கைவிரித்த பிள்ளை. மழையும் வந்து ஓய்ந்து, இப்போது வெயில் கொளுத்துகிறது. அப்படி என்னதான் கொடுக்கிறீர்கள் என்று டாக்டரே கேட்கிறாராம்.

"ராத்திரியெல்லாம் வலியில முனகுவா. விடிஞ்சதும், சனிக்கிழமை ஆயிடுச்சாம்மான்னு கேப்பா," என்றாள்.

மாடி அறையில் வெளிச்சம் குறைவு. கட்டிலில் போர்வைதான் இருக்கிறது, ஆளில்லை என்றே நூலகரம்மா முதலில் நினைத்தார். பிறகு இரண்டு கண்கள் தெரிந்தன.

உறையை நீட்டி, அது என்னவென்று சொன்னார். புழு அதைத் தொடவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"எல்லாக் கதையோடதுமா மேடம்?"

"எல்லாத்தோடதும். ஒண்ணு பாக்கியில்ல. இத வெட்டுன பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியாப் படி."

"திட்டாதீங்க, பாவம்." புழு லேசாகச் சிரித்தாள். "ரொம்ப அசதியா இருந்துச்சு மேடம். நீங்க வந்தது நல்லதாப் போச்சு."

தலையணையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கச் சொல்லித் தாயிடம் கேட்டுக்கொண்டு, முதல் கிளிப்பைக் கழற்றினாள். அந்த முகத்தில் வந்த அமைதியைப் பார்த்து நூலகரம்மாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. நல்ல காரியம் செய்த தெம்போடு படியிறங்கினார்.

வாசலில் வாயாடி சைக்கிளோடு நின்றாள். டியூஷன் முடிந்து வருகிறாள், கூடையில் இந்த வார நாவல். நூலகரம்மா பிடித்துக்கொண்டார். பேய் பிசாசு என்று கதை விட்டதற்கும், நோயாளிப் பெண்ணை ஏங்கவிட்டதற்கும் சேர்த்து விளாசித் தள்ளினார். வாயாடிக்குப் பேச வராமல் போனதை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"முடிவையெல்லாம் நானே அவ கையில குடுத்துட்டேன். உக்காந்து படிச்சுக்கிட்டிருக்கா," என்று முடித்தார்.

வாயாடி மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். சைக்கிள் கை நழுவிச் சாய்ந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"முடிவு தெரியாம சாக மாட்டேன்னு அவ எங்களுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கா மேடம்."