வளையாத மணிக்கட்டு

மாவுக்கட்டை வெட்டி எடுத்தபோது உள்ளே இருந்தது வேறு யாருடைய கையோ போலிருந்தது.

மெலிந்து, வெளிறி, தோல் செதில் செதிலாக உரிந்து.

மடக்கச் சொன்னார்கள். மடக்கினாள். விரல்கள் கொஞ்சம் அசைந்தன. மணிக்கட்டு அப்படியே நின்றது.

அவளுக்கு அழுகை வரவில்லை.

மாடிப்படியில் விழுந்த அன்றும் வரவில்லை. அன்று அவள் கையில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. துணிமணி, சில புத்தகங்கள், ஒரு டம்ளர். சிங்காநல்லூரில் பெண்கள் விடுதியில் அறை பேசியிருந்தாள். பூபதியும் அவளும் பிரிந்துவிடலாம் என்று அதற்கு முந்தைய வாரம்தான் முடிவு செய்திருந்தார்கள்.

சண்டை எதுவும் இல்லை. அதனாலேயே யாருக்கும் காரணம் சொல்ல முடியவில்லை. கல்யாணமான சில வருடங்களில் வீட்டில் பேச்சு குறைந்தது. பிறகு நின்றது. அவ்வளவுதான்.

படியில் மழை ஈரம். கால் வழுக்கியது. வலது கையை ஊன்றினாள்.

சத்தம் கேட்டு இறங்கி வந்த பூபதிதான் ஆட்டோ பிடித்தான். கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தான். கை சரியாகிற வரைக்கும் இங்கேயே இருக்கலாமே என்றான். அவள் தலையாட்டினாள். விடுதிக்காரம்மாவிடம் அறையை வைத்திருக்கச் சொன்னாள்.

அந்த வாரங்களில் அவன் சமைத்தான். அவள் பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனான்.

எதற்கும் பேச்சு தேவைப்படவில்லை.

பிசியோதெரபி அறையில் இருந்த ரெஜினாவுக்கு அவள் வயதுதான் இருக்கும். இரண்டு வழி இருக்கிறது என்றாள். வாரத்தில் சில நாள் இங்கே வரலாம். மெழுகு ஒத்தடம் கொடுத்துக் கையைப் பிடித்து மடக்கிவிடுவார்கள். இல்லையென்றால் பயிற்சியைக் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்யலாம். அவ்வப்போது வந்து காட்டினால் போதும். எலும்பு நேராகக் கூடியிருக்கிறது, சின்ன வயது, எந்த வழியில் போனாலும் கை திரும்பிவிடும்.

இங்கேயே வருகிறேன் என்றாள் அவள்.

நேரம் ஒத்துவரவில்லை. காலியாக இருந்ததெல்லாம் பகல் வேளை. மில் ஆபீசில் அவளுக்கு லீவு ஏதும் மிச்சமில்லை.

வீடுதான் என்று ஆனது.

"இடது கையால நீங்களே பண்ணலாம்ங்க. ஆனா முதல்ல கொஞ்ச நாள் வேற யாராச்சும் பிடிச்சுவிட்டா நல்லது. நம்மளே பண்ணிக்கறப்ப, வலி வர்றதுக்கு முன்னாடியே நிறுத்திருவோம்."

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ரெஜினா கேட்டாள். அவள் சுவரைப் பார்த்தாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பூபதியை ரெஜினாவே உள்ளே கூப்பிட்டாள்.

அவன் முதலில் தன் கையில் செய்து பார்த்தான். பிறகு அவள் கையை எடுத்தான்.

அவன் உள்ளங்கை சில்லென்றிருந்தது.

தினமும் மாலையில், சாப்பாட்டு மேசையில். வெந்நீரில் கையை ஊறவைப்பாள். மடித்த துண்டின் மேல் முழங்கையிலிருந்து நீட்டி வைப்பாள். உள்ளங்கை மேசை விளிம்பைத் தாண்டித் தொங்கும். அவன் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கீழே அழுத்துவான். கொஞ்ச நேரம் வைத்திருப்பான். விடுவான். பிறகு மேலே.

அவனுக்கு மோட்டார் பம்ப் கம்பெனியில் சர்வீஸ் வேலை. துருப்பிடித்த போல்ட்டைத் தளர்த்துகிறவனைப்போல, அவசரமில்லாமல் செய்தான்.

அவள் ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

போதுமா என்று கேட்பான். தெரியவில்லை என்பாள். உண்மையிலேயே தெரியவில்லை. வலி எங்கே தொடங்குகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

ஒரு நாள் மேல்நோக்கி மடக்கும்போது உள்ளே ஏதோ விட்டுக்கொடுத்தது. முழங்கைவரை ஒரு மின்னல்.

"வலிக்குது."

அவன் அழுத்துவதை நிறுத்தினான். கையை விடவில்லை.

வலி அடங்கிவிட்டது. ஆனாலும் இன்னொரு தடவை சொன்னாள்.

"வலிக்குது."

"எங்க?"

காட்ட ஓர் இடம் தேடினாள். கிடைக்கவில்லை. அவன் கையைப் பிடித்தபடி காத்திருந்தான். வெந்நீர் ஆறும்வரை அப்படியே இருந்தார்கள்.

மறுநாள் பூபதி கையை அழுத்திக்கொண்டே, சூலூர்ப் பக்கம் ஒரு கிணற்றில் குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வுக்குள் தவளை சிக்கித் தண்ணீர் ஏறாமல் போனதைச் சொன்னான். பெரிதாக ஒன்றுமில்லை. தவளை செத்திருந்தது. அதை எடுத்ததும் தண்ணீர் ஏறியது.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த முறை காட்டப் போனபோது ரெஜினா தன் விரல்களைக் கொடுத்து இறுக்கச் சொன்னாள். இறுக்கினாள். ரெஜினா சிரித்தாள். இனிமேல் ஆள் வேண்டாம், ஈரத் துணி பிழியுங்கள், சப்பாத்தி மாவு பிசையுங்கள், அதுவே போதும் என்றாள்.

பூபதி கதவோரம் நின்றிருந்தான்.

மதியம் விடுதிக்காரம்மா போன் செய்தார். அறையை வேறொரு பெண் கேட்கிறாளாம். வருகிறாயா இல்லையா என்று தெரிய வேண்டுமாம். நாளைக்குச் சொல்கிறேன் என்றாள்.

அன்று மாலையும் பூபதி வெந்நீரைக் கொண்டுவந்து வைத்தான். துண்டை மடித்துப் போட்டான். உட்கார்ந்தான்.

"இனி நானே பண்ணிக்கலாம்னு சொன்னாங்கல்ல?"

"காதுல விழுந்துச்சு."

அவன் எழுந்திருக்கவில்லை. துண்டின் மடிப்பை நீவிவிட்டான். அது நேராகத்தான் இருந்தது. மறுபடியும் நீவினான்.

அடுத்த வீட்டில் குக்கர் கத்தி ஓய்ந்தது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுடிதார் கையை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டாள்.