முதல்ல ஆளு, பொறவு சாமான்

"ஏட்டி ஜாஸ்பின், கண்ணைத் தொற. பெரியவரு வழுக்கி விழுந்துட்டாரு. அவருக்க மக போன் பண்ணி அப்பாவுக்கு என்னன்னு கேக்கா. நீ என்ன சொல்லுவ?"

கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்த ஜாஸ்பின் எரிச்சலோடு பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் ஆர்த்திகா.

மார்த்தாண்டத்தில் மாடியில் இருந்த ஏஜென்சி ஆபீஸ் அது. அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். கம்ப்யூட்டர் வழியாக இன்டர்வியூ. ஒரே ஒரு இடம்தான் பாக்கி. தக்கலையில் ஒரே வகுப்பில் இங்கிலீஷ் பேசப் படித்த இவர்கள் ரெண்டு பேருக்கும் அந்த இடத்தின் மேல்தான் கண்.

ஜாஸ்பின் ஏறின பஸ் நெரிசலில் மாட்டி, இப்போதுதான் ஓடி வந்து உட்கார்ந்தாள். மூச்சு வாங்கி முடிக்குமுன் ஆர்த்திகா தொடங்கிவிட்டாள்.

"சொல்லுட்டி."

"ஐ வில் டெல் தி ட்ரூத் ஹிஸ் டாட்டர்."

"போச்சு! உண்மையைக் கூப்பிட்டு மகளைப் பத்திச் சொல்லுதியா? டெல் ஹிஸ் டாட்டர் தி ட்ரூத். மொதல்ல ஆளு, பொறவு சாமான். சரி, மாத்திரை குடுக்கணும்?"

"கிவ் தி டேப்லெட் தி பேஷண்ட்."

"நல்லா இருக்கு. மாத்திரைக்கு ஆளைத் தின்னக் குடுத்துட்ட!"

எதிரே இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜாஸ்பினுக்கு முகம் எரிந்தது.

"நம்ம பாஷையில எதை முன்ன சொன்னா என்னட்டி? ஆளுக்கு 'க்கு' போட்டா தீந்துச்சு."

"அங்க அது நடக்காது, கேட்டியா? சாமானை முன்ன வச்சா நடுவுல ஒரு 'டு' போடு. இல்லன்னா ஆளை முன்ன வை. மறுபடி. மக போன் பண்ணுகா..."

"சும்மா கெடட்டி! நீயும் போணும்லா? ஒனக்க பாடத்தைப் படி."

"நான் படிச்சது போதும். நீ சொல்லு."

கூட வந்திருந்த கணவன் வினோஜ் ஜாஸ்பினை மாடிப்படிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். அவன் வேலை பார்த்த துபாய் கம்பெனி மூடி, இப்போது வீட்டில்தான் இருக்கிறான். முந்தின ரெண்டு இன்டர்வியூவிலும் ஜாஸ்பின் இங்கிலீஷில்தான் தடுக்கி விழுந்தாள். இதுவும் போனால் இனி அயர்லாந்துப் பேச்சே வேண்டாம் என்று வீட்டில் முடிவு.

"ஒனக்கு வெளங்கல்லியா? இருக்கது ஒரே எடம். உள்ள போற நேரத்துல ஒன்னைக் கலக்கிவிடப் பாக்கா அவ."

ஜாஸ்பினுக்கும் அதுதான் தோன்றியது. திரும்பி வந்து நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.

ஆர்த்திகாவும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, மக போன் பண்ணுகா..."

"ஒனக்கு என்னட்டி வேணும்?" ஜாஸ்பினுக்குக் குரல் உடைந்தது. "எனக்குக் கெடச்சிரக் கூடாது, அதானே? கூடப் படிச்சவன்னு பாத்தா..."

ஆபீஸே திரும்பிப் பார்த்தது. ஆர்த்திகா பையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"என்னை ஏசு, நல்லா ஏசு. அதுக்கு முன்ன பதில் சொல்லு. மக போன் பண்ணுகா."

"டெல் ஹிஸ் டாட்டர் தி ட்ரூத்! போதுமா?"

அப்போது உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். "ஜாஸ்பின்!"

கம்ப்யூட்டர் திரையில் ஒரு வெள்ளைக்கார அம்மா. பேர், ஊர், படிப்பு. அடுத்து, குளியலறையில் ஒரு பெரியவர் வழுக்கி விழுந்துவிட்டார், அவர் மகள் போனில் கேட்கிறாள், என்ன செய்வாய் என்றாள்.

ஜாஸ்பினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய் தானாகத் திறந்து பதிலைச் சொன்னது. மாத்திரைக் கேள்வியும் வந்தது. அதையும் தடங்கலில்லாமல் சொன்னாள்.

அந்த அம்மா சிரித்தாள். "வீ வில் செண்ட் யூ தி ஆஃபர் லெட்டர்."

வெளியே ஓடிவந்தவள் வினோஜின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அப்புறம் நாற்காலிகளைப் பார்த்தாள். ஆர்த்திகா இல்லை.

கவுண்டரில் இருந்த ரெஜிலாவிடம் போனாள். "அக்கா, ஆர்த்திகாவை இன்னும் கூப்பிடல்லியா? எடம் எனக்குன்னு ஆயிட்டே... அவகிட்ட நான் என்ன சொல்ல?"

ரெஜிலா நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ காலையிலேயே மொத ஆளா உள்ள போய்ட்டு வந்தாச்சும்மா. அந்த மக கேள்வியிலயும் மாத்திரைக் கேள்வியிலயும் பதறித் தடுமாறிட்டா, எடுக்கல்ல. வீட்டுக்குப் போம்மான்னு சொன்னேன், கேக்கல்ல. 'எனக்க கூட்டுக்காரி வரணும். நான் தோத்தது தெரிஞ்சா அவ பயந்துருவா, அவ உள்ள போற வரைக்கும் சொல்லிராதீங்கக்கா'ன்னு ஒரே கரச்சல்."