ஈயப்பையின் வீரம்

விமான நிலையச் சோதனை நெருங்க நெருங்க, போட்டோகிராபரின் பிலிம் சுருள் நடுங்கியது. அதற்குள் இன்னும் கழுவாத ஒரு கல்யாணமே இருந்தது.

“பயப்படாதே தம்பி, எனக்குள்ள வா. எந்த எக்ஸ்ரே கதிரும் என்னைத் தாண்டாது” என்றது, பிலிமைக் கதிர் படாமல் காக்கும் ஈயப்பை. சுருள் உள்ளே புகுந்துகொண்டது.

சோதனை இயந்திரம் பார்த்தது. பை முழுக்க ஒரே கறுப்பு.

“எதையோ ஒளிக்கிறாங்க. கதிரைக் கூட்டி இன்னொரு தடவை பார்க்கிறேன்!”

சுருளுக்கு உயிரே போனது. ஜிப் இடுக்கில் தலையை நீட்டி, “ஐயா, நான் வெறும் பிலிம்தாங்க! உங்க கண் பட்டா பொண்ணு மாப்பிள்ளை முகமெல்லாம் புகையாப் போயிடும். கையால பார்க்கச் சொல்லுங்க” என்று கெஞ்சியது.

“இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று இயந்திரம் அதை வெளியே விட்டது. ஈயப்பை மட்டும் மூன்று தடவை உள்ளே போய் வந்தது.

வந்ததும் நெஞ்சை நிமிர்த்தியது. “பார்த்தியா, நான் இல்லேன்னா உன் கதி என்ன?”

“ஆமாண்ணே” என்றது சுருள், போட்டோகிராபரின் சட்டைப்பையில் ஏறி உட்கார்ந்தபடி.