சுவருக்குச் சுவர் கார்ப்பெட்

கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த நீரஜா படியேறி வந்தாள். “அண்ணா, உங்க பாப்பா சாயங்காலமானா தொம்தொம்னு ஓடறா. தலை வெடிக்குது!”

கதிரேசன் காதில் அந்தச் சத்தம் ஒருநாளும் விழுந்ததில்லை. பாப்பா காய்ச்சலில் போய் எட்டு மாதமாகிறது என்பதை அவளிடம் சொல்லவும் இல்லை.

கீரைக்கட்டுக்கே கால்மணி பேரம் பேசுகிறவன், தி.நகரில் சொன்ன விலைக்கே கார்ப்பெட் வாங்கினான். ஆள் வைக்காமல் தானே மண்டியிட்டு, கூடம் முழுக்கப் பசை தடவி ஒட்டினான்.

“சத்தமே நின்னுடுச்சு. தேங்க்ஸ்ணா,” என்றாள் நீரஜா.

அன்றைக்கே மொத்தத்தையும் பிய்த்தெறிந்தான். பசையோடு நகமும் பெயர்ந்தது.

மறுநாள் சாயங்காலம் நீரஜா மூச்சுவாங்க வந்து நின்றாள். “மறுபடி ஆரம்பிச்சுட்டாளே அண்ணா!”

“குழந்தைதானேம்மா,” என்றான் கதிரேசன். “ஓடட்டும்.”