கறிவேப்பிலைச் செடியின் ஈரம்

நகரத்துச் செடிகளுக்கெல்லாம் மண்ணில் புதைத்த உணரிகளால் ஈரம் பார்த்து நகராட்சியின் நீர் மையம்தான் தண்ணீர் விட்டது. செலவு குறைவு என்பதால் யாரும் முணுமுணுக்கவில்லை.

தனியாக வசிக்கும் செண்பகவல்லியின் வாசலில் மைய ஊழியர் வந்து நின்றார்.

"உங்க கறிவேப்பிலைச் செடி மண்ணு காயவே மாட்டேங்குதேம்மா?"

"அரிசி கழுவுன தண்ணிய தினமும் ஊத்துறேன்."

"முன்னாடி ஒரு ஆள் சோத்துக்கான தண்ணிதான் விழும். இப்ப ரெண்டு ஆளுக்கு விழுது. மக வந்திருக்காங்களோ? உங்க மாப்பிள்ளை அவங்களத் தேடுறாராம்."

"யாரும் வரல."

உள்ளறையில், புருஷன் அடி தாங்காமல் ஓடிவந்திருந்த மகள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் செண்பகவல்லி அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினாள். மாலையே ஊழியர் திரும்பி வந்தார்.

"இன்னைக்கு ஒரு சொட்டுகூட விழலியே, ஏம்மா?"

அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.