இரண்டரைச் சுற்று

“இதைச் செஞ்சவனை லேத்துப் பக்கமே விடக் கூடாது தங்கச்சி,” என்றார் பட்டறைக்காரர்.

அவர் உள்ளங்கையில் கரி பிடித்த பித்தளை மூடி ஒன்று கிடந்தது. மிகப் பழைய டிராக்டரின் பெட்ரோல் டேங்குக்கு அடியில் முறுக்கும் மூடி. டேங்க் மேஜைமேல் இருந்தது. அதன் ஒரு பக்கம் முழுக்கப் பெயின்ட் பொரிந்து உரிந்திருந்தது.

“எங்க வீட்டுக்காரர் மூடியைச் சரியா முறுக்காம விட்டதாலதான் தீப்பிடிச்சுதுன்னு போலீஸ்ல எழுதி வெச்சிருக்காங்கண்ணே,” என்றாள் அதைத் தூக்கி வந்தவள். “போதையில இருந்திருப்பார்னு வேற. அந்தத் தீயில ஆளே போய் ஒரு வருஷமாச்சு. இந்தப் பழியாவது போகணும். நாளைக்குத்தான் கடைசி விசாரணை.”

“குடிப்பாரா?”

“சோடா குடிச்சாலே அவருக்குப் புரையேறும்.”

பட்டறைக்காரர் சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டார். மூடியை டேங்கில் வைத்துத் திருகினார். இரண்டரைச் சுற்று வழுக்கிக்கொண்டு போய், சட்டென்று இறுகி நின்றது.

“பார்த்தியா? முறுக்குறவன் டைட் ஆயிடுச்சுன்னுதான் நினைப்பான். ஆனா பாதி மரை வெளியிலயே நிக்குது. வண்டி ஆட ஆட, தானா கழண்டு சொட்டும். கீழே சூடான இன்ஜின். கேக்கணுமா?”

“ஏண்ணே அப்படி?”

“டேங்க் மரை இஞ்ச் கணக்கு. இந்தப் புத்திசாலி மில்லிமீட்டர் கணக்குல வெட்டியிருக்கான். இஞ்ச் மரை வெட்ட லேத்துல தனிப் பல்சக்கரம் மாட்டணும். அது இல்லாதவன், கிட்டத்தட்டச் சரியா வரும்னு வெட்டித் தலையில கட்டிட்டான்.” தன் லேத்தைத் தட்டிக் காட்டினார். “நம்மகிட்ட இருக்கு.”

அந்தப் பல்சக்கரத்தில், கம்பெனியில் பூசி அனுப்பிய மஞ்சள் கிரீஸ்கூட இன்னும் முழுதாகப் போகவில்லை.

“இதை அப்படியே எழுதித் தருவீங்களாண்ணே?”

“எழுதியா?” தலையைச் சொறிந்தார். “விசாரணை, கையெழுத்துன்னா... நமக்கு எதுக்கும்மா வம்பு?”

சொல்லிக்கொண்டே வாசல் வழியாகப் பார்த்தார். எதிர்ப் பட்டறையில் வரிசையாக நாலு வண்டி நின்றிருந்தது. அவர் குரல் தாழ்ந்தது.

“அவன்கிட்ட வாங்கினதுதானே இது?”

அவள் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, நீ உன் வாயால சொல்ல வேணாம். ஊர்ல பாதி மெஷினை அவன்தான் கெடுத்து வெச்சிருக்கான்.”

மூடியின் மரை தவறு, முறுக்கியவர்மீது குற்றமில்லை என்று கொட்டை எழுத்தில் எழுதினார். ‘இது ஆளைக் கொல்லும் வேலை’ என்று, அவள் கேட்காமலே இன்னொரு வரியும் சேர்த்தார். கையெழுத்துப் போட்டு, பட்டறை முத்திரையையும் அழுத்திக் குத்தினார்.

அவள் இரண்டு தடவை படித்தாள். மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“அழாதே தங்கச்சி. கூப்பிட்டா நானே வந்து அவன் மூஞ்சிக்கு நேரா சொல்றேன்.”

“கூப்பிடுவாங்கண்ணே. இதை அவருக்குச் செஞ்சு கொடுத்தது நீங்கதான்.”