குறை சொல்லும் வயல்

மண்ணில் சத்து குறைந்தால் மட்டும் வயல் வாய்திறந்து பேசும். எந்தக் குரலில் பேச வேண்டும் என்று, மண்ணைச் சோதித்துச் சொல்லும் கருவியை வயலில் பொருத்தியவர்கள் கேட்டபோது, மாசிலாமணி இறந்துபோன மனைவியின் குரலைக் கொடுத்திருந்தார்.

“ஏங்க, ஜிங்க் பத்தலைங்க.”

நெல் இலைகளில் துருப்பிடித்தாற்போலப் புள்ளிகள் பரவின. ஜிங்க் சல்பேட் உர மூட்டை கொட்டகையில் பிரிக்காமலே கிடந்தது. அவர் வரப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியூரிலிருந்து வந்த மகள் கோமதி மூட்டையைப் பிரித்தாள். மணலில் கலந்து வயல் முழுக்க வீசினாள்.

“அம்மா கத்திக்கிட்டே இருக்கு. காதுல விழலையாப்பா?”

“விழுதும்மா.”

சில நாளில் பயிர் பச்சை கட்டியது. வயல் பேசவில்லை. அவர் வரப்பைவிட்டு எழவில்லை.

“சாப்பிட வாங்கப்பா.”

“நீ போம்மா. இரும்புச்சத்தாவது குறையுதான்னு கேட்டுட்டு வர்றேன்.”